கூண்டில் மகள், வாசலில் ஊர்

2025 ஜனவரி 17ஆம் தேதி நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒரு குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. மகள் கிரீஷ்மா கொலைக் குற்றவாளி. தாய்மாமன் தடயத்தை அழித்த குற்றவாளி. தாய்மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்குப் போதிய சான்று இல்லை, அவர் விடுதலை. மூன்று நாள் கழித்து மகளுக்குத் தூக்குத் தண்டனை, மாமனுக்கு மூன்றாண்டுச் சிறை. தாய் வீட்டுக்குப் போகலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. எந்த வீட்டுக்கு என்று சொல்வது சட்டத்தின் வேலை அல்ல.

அந்த வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய ராமவர்மன்சிறையில் இருக்கிறது. பாறசாலைக்காரரான ஷாரோன் ராஜ் என்ற 23 வயது மாணவர் 2022 அக்டோபர் 14 அன்று அங்கேதான் கஷாயம் குடித்தார். அதில் பாராகுவாட் களைக்கொல்லி கலந்திருந்தது. பதினொரு நாள் துடித்து, 25ஆம் தேதி திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்தார். மாஜிஸ்திரேட்டிடம் தந்த மரண வாக்குமூலத்தில்கூட அவர் கிரீஷ்மாமேல் பழி சொல்லவில்லை. கைதுச் செய்தி பரவியதும் வீட்டின்மேல் கல் விழுந்தது. எறிந்தவர்களுக்கு நீதிமன்றம் தேவைப்படவில்லை. யார் குற்றவாளி, யார் இல்லை என்று பிரித்துப் பார்க்கும் பொறுமையும் இருக்கவில்லை. கல் கூரைக்குப் பொது. அதன் கீழே இருப்பவர் எல்லோருக்கும் பொது.

நீலகிரியில் இந்த வழக்கைப் படித்தவர்களுக்கு அந்த மருந்தின் பெயர் புதிதாக இருந்திருக்காது. தேயிலைச் செடிகளுக்கிடையே களையை எரிக்க இந்தியாவில் அனுமதி பெற்ற மருந்துகளில் பாராகுவாட்டும் ஒன்று. கேரளம் 2011லேயே அதைத் தடை செய்துவிட்டது. மலைக்காரர்களை இன்னொரு கேள்வியும் உறுத்த வேண்டும். அந்த வீடு ராமவர்மன்சிறையில் இல்லாமல் குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் லைனில் இருந்திருந்தால்? அந்த மகளுக்கு இருபத்திரண்டு வயது ஆகாமல் பதினாறு வயது மட்டும் ஆகியிருந்தால்? பெற்றவர்கள் என்ன செய்ய வேண்டும், அடுத்த வாசலில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பெற்றவர்கள் அவளோடு நிற்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட நாளிலும் நிற்க வேண்டும், ஒருவேளை குற்றம் மெய்ப்பட்டால் அதற்குப் பிறகும் நிற்க வேண்டும். அப்படி நிற்பவர்களைத் தண்டிக்க ஊருக்கு எந்த உரிமையும் இல்லை. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

லைன் வீடு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்தக் கேள்வியின் எடை புரியும். ஒரு சுவர் இரண்டு குடும்பத்துக்குச் சொந்தம். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். தண்ணீர்க் குழாய் பொது, துணி காயும் கொடி பொது, காலையில் இறங்கும் பாதை பொது. வீடு தொழிலாளியின் சொத்தும் அல்ல. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகம் வீடு தர வேண்டும் என்றது. வேலை போனால் வீடும் போகும். கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கங்களில் அந்த வீடுகளில் இருப்பவர்களில் பலர் 1964ஆம் ஆண்டு சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் மக்கள், பேரப் பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் அரசுத் தேயிலைத் தோட்டம், இன்றைய டேன்டீ, 1968இல் தொடங்கப்பட்டது. ஒருமுறை வேரோடு பிடுங்கி நடப்பட்ட அந்தக் குடும்பங்களுக்குத் திரும்பிப் போகச் சொந்த ஊர் என்று ஒன்று இல்லை. சமவெளியில் ஒரு குடும்பம் அவமானத்துக்கு அஞ்சி வீட்டைப் பூட்டிவிட்டுச் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடலாம். லைனில் இருப்பவள் மறுநாள் காலை அதே கூடையைத் தோளில் மாட்டி, அதே பெண்களோடு, அதே வரிசையில் கொழுந்து பறிக்க வேண்டும். எடை போடும் இடத்தில் பேச்சு நின்றுபோவதை அவள் கேட்டாக வேண்டும்.

இப்படி ஒரு குடும்பத்தின் முதுகில் சட்டம் எவ்வளவு பெரிய சுமையை வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2016 ஜனவரி 15 முதல் நடப்பில் உள்ள இளைஞர் நீதிச் சட்டம், பதினெட்டு வயது நிறையாத பெண்ணைக் குற்றவாளி என்று அழைப்பதில்லை. சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தை என்கிறது. அவளுக்கு ஜாமீன் தருவதுதான் விதி, மறுப்பது விலக்கு. அப்படி வெளியே விடும்போது யாரிடம் விடுவது? பெற்றோரிடம். பெற்றோர் வந்து கையெழுத்துப் போட மாட்டோம் என்றால் அந்தப் பெண் கூர்நோக்கு இல்லத்திலேயே கிடக்க நேரும். கொடுங்குற்றம் சாட்டப்பட்ட பதினாறு, பதினேழு வயதினரைப் பெரியவர்களாகக் கருதி விசாரிக்கலாமா என்று முடிவெடுக்கும் முன், இளைஞர் நீதிக் குழுமம் அவர்களின் மனநிலையையும் அந்தச் செயல் நடந்த சூழலையும் ஆராய வேண்டும். அந்தச் சூழலைச் சொல்லக்கூடியவர் யார்? அவள் எந்த மாதத்திலிருந்து சாப்பிடாமல் இருந்தாள், யாரைக் கண்டால் பின்வாசலுக்கு ஓடினாள், எந்தக் கைப்பேசி அழைப்புக்குப் பின் அழுதாள் என்று தாய்க்குத்தான் தெரியும். தாய் வாய் மூடிக்கொண்டால் குழுமத்தின் முன் மிஞ்சுவது போலீஸ் எழுதிய தாள் மட்டும்தான். குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது என்பதை அந்தச் சட்டம் தன் அடிப்படை நெறிகளில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே மகளைத் தலைமுழுகுவது மானத்தைக் காப்பதாகாது. நீதி நடக்கத் தேவையான ஒரு காலை வெட்டி எறிவதாகும்.

மகன் என்றால் இந்தப் பேச்சே எழாது. மகன் கத்தியால் குத்திவிட்டான் என்று செய்தி வந்தால், அப்பா அடுத்த பஸ்ஸில் வக்கீலைத் தேடிப் போகிறார். அம்மா தோட்டைக் கழற்றித் தருகிறாள். ஊரும் ‘சேர்க்கை சரியில்லை’ என்று ஒரு சாக்கைக் கண்டுபிடித்துத் தருகிறது. மகள் என்றால் கொலையோடு இன்னொரு குற்றமும் சேர்ந்துகொள்கிறது: குடும்பத்துக்குக் கெட்ட பெயர். செத்தவனுக்கும் அவளுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் முதல் கேள்வி. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான். அந்தச் சிறு எண்ணிக்கையிலும் பலரைப் பார்க்க யாரும் வருவதில்லை என்று பெண்கள் சிறைக்குப் போய் வந்தவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள். கிரீஷ்மா பெற்றோருக்கு ஒரே மகள். தண்டனையைக் குறைக்கக் கேட்டபோது அவர் தரப்பு அதையும் எடுத்துச் சொன்னது. நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏற்காதது நீதிமன்றத்தின் அதிகாரம். ஆனால் அந்த ஒரே மகளுக்காகச் சிறை வாசலில் காத்திருக்கும் தாயை யாரும் ஏசக் கூடாது.

தமிழ் மரபு என்ன சொல்கிறது? மணிமேகலையைத் திறந்து பார்க்க வேண்டும். சோழ இளவரசன் உதயகுமரன் நள்ளிரவில் உலக அறவியில் வெட்டுண்டு கிடக்கிறான். வெட்டியவன் காஞ்சனன் என்ற விஞ்சையன். தன் மனைவி காயசண்டிகையின் உருவத்தில் இருந்த மணிமேகலையை மனைவி என்றே நினைத்துப் பொறாமையால் இளவரசனை வெட்டினான். சிறைக்குப் போனவளோ மணிமேகலை. மகனை இழந்த இராசமாதேவி அவளைச் சிறையிலிருந்து தன் பக்கம் அழைத்துக்கொண்டு, பித்தேற்ற மருந்து கொடுத்தும், பட்டினி போட்டும் வதைக்கப் பார்க்கிறாள். அந்த நேரத்தில் அவள் குடும்பம் என்ன செய்தது? ‘இந்தப் பெண்ணால் எங்கள் குலத்துக்கே இழுக்கு’ என்று கதவை அடைத்துக்கொண்டதா? பேத்தி துறவு பூண்டதை ஒருநாளும் ஏற்காத பாட்டி சித்திராபதியே நடுங்கிக்கொண்டு அரண்மனைக்குப் போய் அரசியிடம் மன்றாடுகிறாள். தாய் மாதவி அறவண அடிகளிடம் போய் முறையிட்டு, அவரையும் சுதமதியையும் கூட்டிக்கொண்டு அரசி முன் வந்து நிற்கிறாள். மனம் ஒத்துப்போகாதவர்களும் வந்தார்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முன்னோ, அதற்குச் சற்று முன்பின்னோ எழுதப்பட்ட ஒரு காப்பியம், கொலைப்பழியில் அகப்பட்ட ஓர் இளம்பெண்ணின் வீட்டார் எங்கே நிற்க வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்கிறது.

புறநானூற்று முதுமகளை எதிர்ச்சான்றாகக் கொண்டுவருவோர் உண்டு. காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய அந்தத் தாய், மகன் போரில் புறமுதுகிட்டான் என்று கேள்விப்பட்டதும், அது உண்மையானால் அவன் பால் குடித்த மார்பை அறுத்தெறிவேன் என்று சினந்தவள். பார், தமிழ்த்தாய் பிள்ளைப் பாசத்தைவிட மானத்தைப் பெரிதாகக் கொண்டாள் என்று மேடையில் முழங்குவார்கள். பாட்டை முழுதும் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அவள் என்ன செய்தாள்? பலர் வந்து சொன்னதை நம்பி வீட்டில் உட்கார்ந்து சபிக்கவில்லை. வாளோடு களத்துக்குப் போனாள். பிணங்களைப் புரட்டிப் பார்த்தாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டாள். ஊர் சொன்னது பொய் என்று கண்டாள். பெற்ற நாளைவிட மகிழ்ந்தாள். மகனைப் பற்றி நாலு பேர் சொன்னதைத் தன் கண்ணால் பார்க்கும்வரை முடிவாக எடுத்துக்கொள்ளாத தாய் அவள். குற்றம் சாட்டப்பட்ட மகளின் பெற்றோர் காணவேண்டிய முன்மாதிரி அதுதான்: போய்ப் பார், புரட்டிப் பார், உன் கண்ணால் பார்.

வள்ளுவரும் சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரம் எழுதினார். செல்வம் போன பின்னும் பழைய உறவைப் பாராட்டுவது சுற்றத்தாரிடம் மட்டுமே உண்டு என்பது அதன் முதற்கருத்து. போனது செல்வமாக இல்லாமல் நற்பெயராக இருந்தால் மட்டும் அந்த நெறி மாறிவிடுமா? புறங்கூறாமைக்குப் பத்துக் குறள், பயனில சொல்லாமைக்குப் பத்துக் குறள், கண்ணோட்டத்துக்குப் பத்துக் குறள் என்று அடுக்கியவர், பக்கத்து வீட்டுப் பெண் கைதானதும் திண்ணையில் கூடி விசாரணை நடத்துங்கள் என்று எங்கும் சொல்லவில்லை. சிலப்பதிகாரம் மதுரையை எரித்துக் காட்டியதும் இதற்காகத்தானே? ஒரு பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல். ஆராயாமல் பிறந்த ஓர் ஆணை. செத்தவன் ஒருவன், எரிந்தது ஊர் முழுதும்.

மறுபக்கம் ஒன்று உண்டு, மறுக்கவில்லை. மனுநீதிச் சோழன் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டான் என்ற கதை திருவாரூரில் கல்லாகவே நிற்கிறது. இறந்தவர் வீட்டிலும் ஒரு தாய் இருக்கிறாள். ஷாரோனைப் பறிகொடுத்த வீட்டின் துயரத்துக்கு எந்தத் தீர்ப்பும் ஈடாகாது. ஆனால் மனுநீதிச் சோழன் தந்தையாக மட்டும் இருக்கவில்லை. அரியணையில் இருந்த நீதிபதியும் அவனே. லைன் வீட்டு அம்மாவின் கையில் செங்கோலும் இல்லை, தேரும் இல்லை. நீதி சொல்லும் வேலைக்கு உதகையில் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. தாயின் வேலை தாயாக இருப்பது.

இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. அதை மங்கலாக்கக் கூடாது. மகளோடு நிற்பது வேறு, மருந்துப் புட்டியைத் தூக்கி எறிவது வேறு. நெய்யாற்றின்கரையில் மாமன் தண்டனை பெற்றது மருமகளிடம் அன்பு வைத்ததற்காக அல்ல, தடயத்தை அழித்ததற்காக. இந்தியச் சட்டம் இதில் கடுமையானது. தேடப்படும் ஒருவரை வீட்டில் ஒளித்துவைப்பது குற்றம்; கணவனுக்கோ மனைவிக்கோ மட்டும் அதில் விலக்கு. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த அந்த விலக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே தொடர்கிறது. பெற்ற தாய்க்கு விலக்கு இல்லை. ஜெர்மனியில் நெருங்கிய உறவினருக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுக்கலாம். உறவினரைத் தண்டனையிலிருந்து காக்க முயன்றவருக்கும் தண்டனை இல்லை. இங்கே தாயின் வயிறு தாலிக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கிறது. இது மாற வேண்டும் என்று வாதிடலாம், வாதிட வேண்டும். அதுவரை பெற்றோர் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் ஒன்றே: மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வழக்கறிஞரிடம் போவது. பொய் சொல்லிக் காப்பாற்றிய மகள் அந்தப் பொய்யோடுதான் வாழ்நாள் முழுதும் ஒரே வீட்டில் இருப்பாள். அது காப்பாற்றியதாகாது.

குற்றம் சாட்டப்பட்டவளெல்லாம் குற்றவாளி என்று முடிவு கட்டுவோர் 2021 ஜனவரியில் திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பகுதியில் நடந்ததை நினைக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு முயன்ற உறவினனைப் பத்தொன்பது வயதுப் பெண் கத்தியால் குத்தினாள், அவன் இறந்தான். அவளே காவல் நிலையத்துக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். தற்காப்புரிமை சொல்லும் இந்தியத் தண்டனைச் சட்டம் 100ஆம் பிரிவைக் காட்டி மாவட்டக் காவல்துறை அவளை விடுவித்தது. முதல் ஒரு மணி நேரத்தில் அவளும் ‘கொலைகாரி’தான். ஊர் அந்த ஒரு மணி நேரத்திலேயே கல்லை எடுத்திருந்தால்?

ஹரியானாவின் குருகிராமில் எடுத்தேவிட்டார்கள். 2017 செப்டம்பர் 8 அன்று பள்ளிக் கழிப்பறையில் ஏழு வயதுச் சிறுவன் கொலையுண்டான். அன்றே பள்ளிப் பேருந்து நடத்துநர் கைது. ஒப்புக்கொண்டான் என்று போலீஸ் அறிவித்தது. அவனுக்காக வாதாட மாட்டோம் என்று உள்ளூர் வழக்கறிஞர்கள் தீர்மானம் போட்டார்கள். நவம்பரில் சிபிஐ அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. நடத்துநர் 2018 பிப்ரவரியில் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். வழக்கறிஞர்களின் அத்தகைய தீர்மானம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே சொல்லியிருந்தது. அந்த வழக்கு நீலகிரியின் காலடியிலுள்ள கோயம்புத்தூரிலிருந்து போனதுதான். எவ்வளவு பழிக்கப்பட்டவருக்கும் வாதாட ஒரு வாய் வேண்டும் என்பது அதன் சாரம். வாதாடுபவரையே தடுக்கக் கூடாது என்றால், சாப்பாடு கொண்டுபோகும் தாயைத் தடுக்க யாருக்கு உரிமை?

மகாராஷ்டிரம் ஊர் விலக்கைக் குற்றமாக்கி 2016இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகம், பள்ளி, ஊர் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது; மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம். பெண்ணின் பெயரை மறைத்துவிட்டு, அப்பா எந்த எஸ்டேட்டில் எந்த டிவிஷனில் வேலை செய்கிறார் என்று எழுதும் நிருபரும் அந்தப் பிரிவை மீறுகிறார். வாட்ஸாப் குழுவில் பள்ளிச் சீருடைப் படத்தைப் பகிரும் அண்டை வீட்டாரும் மீறுகிறார்.

உலகம் மறக்காத ஒரு வழக்கு நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 1954 ஜூன் 22 அன்று நடந்தது. பதினாறு வயது பாலின் பார்க்கரும் பதினைந்து வயது ஜூலியட் ஹியூமும் சேர்ந்து பாலினின் தாயைக் கொன்றார்கள். குற்றத்தில் ஐயமே இல்லை. ஜூலியட்டின் தந்தை, பெயர் பெற்ற இயற்பியலாளர், விசாரணை தொடங்கும் முன்பே மகனை அழைத்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போய்விட்டார். தாய் விசாரணைக்காகத் தங்கினார்; அது முடிந்ததும் அவரும் போனார். ஐந்தாண்டுச் சிறைக்குப் பின் வெளிவந்த ஜூலியட், தாயின் புதிய கணவரின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு ஆன் பெரி ஆனார். துப்பறியும் நாவல்களால் புகழ் பெற்றார். 1994இல் பழைய கதை வெளியே வந்தபோது உலகப் பத்திரிகைகள் ஸ்காட்லாந்தின் கடலோரச் சிற்றூரான போர்ட்மஹோமக்குக்கு விரைந்தன. அங்கே அவருடைய தாயும் இருந்தார். நாற்பதாண்டுக்குப் பிறகும் அந்த இருவரும் ஒரே ஊரில். இதைப் பாசத்தின் பலவீனம் என்பார் உண்டு. ஒரு பெண் மறுபடி எந்தக் கொலைக்கும் போகாமல் 2023இல் தன் 84ஆம் வயதில் இறந்தாள் என்றால், அந்த உறவுக்கு அதில் பங்கில்லை என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே மலைக்காரர்களிடம் கேட்க வேண்டியது பெரிதொன்றும் இல்லை. பதினெட்டு தாண்டிய பெண் என்றால் அவள் இருக்கப்போவது பெரும்பாலும் கோவை மத்திய சிறையின் பெண்கள் பகுதியில். கூடலூரிலிருந்து உதகைக்கு 50 கிலோமீட்டர், வளைந்து வளைந்து. அங்கிருந்து குன்னூர், மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இன்னும் ஏறத்தாழ 85 கிலோமீட்டர். விடியுமுன் பஸ் ஏறினால்தான் பார்வை நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். அன்றைய கூலி போகும். திரும்பி வர இருட்டிவிடும். அதற்குள் பள்ளிவிட்டு வரும் இளையவனுக்கு யாராவது ஒருவர் கதவைத் திறந்து சோறு போட வேண்டும். அவனிடம் அக்காவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல்.